ஈரக்காற்றில் பழைய ஸ்பீக்கர்கள்

ஒரு நெல் ரகத்துக்கு வானொலியின் பெயர் வந்தது தஞ்சைச் சீமையில்தான். 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டீ. 27 வயலுக்கு வந்தது. ஜப்பானிய ரகமும் நம்மூர் ரகமும் கலந்து பிறந்த குறுகிய கால நெல் அது. எப்போது நாற்று விடுவது, எத்தனை நாளில் பறித்து நடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று திருச்சி வானொலி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டு நட்டவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்போது வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. 1939 மே 16இல் தொடங்கிய திருச்சி நிலையத்தைக் காவிரிக் கரைக் கிராமங்கள் பெரும்பாலும் பஞ்சாயத்து ரேடியோவில்தான் கேட்டன. அந்த ரேடியோவோடு ஒரு குழாய் ஸ்பீக்கரோ, மரப்பெட்டிக்குள் அடைத்த ஸ்பீக்கரோ இணைந்திருக்கும். மாலையில் வேலை முடித்து வந்தவர்கள் திண்ணையிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து கேட்பார்கள். நெல்லுக்குப் பெயர் கொடுத்தது ரேடியோ. ஆனால் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஸ்பீக்கர். அதைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த ஸ்பீக்கர்களும் அவற்றுக்குப் பின் வந்த இரண்டு தலைமுறை ஸ்பீக்கர்களும் இன்று டெல்டா வீடுகளின் பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடக்கின்றன. அவற்றை இறக்கி, துடைத்து, மறுபடி பாட வைக்க வேண்டும் என்ற ஆசை சில ஆண்டுகளாகப் பலருக்கு வந்திருக்கிறது. ஆசை நல்லது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் வழிமுறைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உலர்ந்த அறைகளில் வேலை பார்ப்பவர்கள் சொல்வது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையும், மாதக்கணக்கில் வயலில் நிற்கும் தண்ணீரும், நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் உள்ள இந்த மண்ணில் ஸ்பீக்கர் கெடும் விதமே வேறு. கெடும் விதம் வேறு என்றால் சரிசெய்யும் முறையும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் என்னென்ன கிடைக்கின்றன என்று பார்க்கலாம்.

மூத்தது குழாய். ஒலிபெருக்கி இந்தியாவில் அரசியல் கூட்டத்தோடு வளர்ந்தது. பம்பாயின் சிகாகோ ரேடியோ காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தந்தது. அதன் உரிமையாளர் நானக் மோட்வானே 1942இல் ரகசிய காங்கிரஸ் வானொலிக்கும் கருவி கொடுத்து உதவினார். 1940இல் டெல்லியில் தொடங்கிய அஹூஜா நிறுவனத்தின் குழாய்களும் ஆம்ப்ளிஃபையர்களும் பின்னாளில் தமிழ்நாட்டு மைக் செட்காரர்களின் முதல் முதலீடாயின. கரண்ட் இல்லாத ஊரிலும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் வேலை செய்யும் ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டுப் பெட்டி, இரண்டு குழாய், நீளமான சவுக்குக் கம்பு, இவ்வளவு இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் திருவிழா, சாவு என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டினார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு கல்யாண வீட்டுக் குழாயில் ஒலித்தால், அடுத்த ஊர் வயலில் களையெடுப்பவருக்கும் அது கச்சேரிதான்.

இரண்டாவது, ரேடியோவும் ரேடியோகிராமும். மர்பி, பிலிப்ஸ், புஷ் பெட்டிகளுக்குள் இருக்கும் ஒற்றை ஸ்பீக்கர்கள். காகிதக் கூம்பு; அதன் விளிம்பும் அதே காகிதத்தில் மடிப்பு மடிப்பாக வார்த்தது, அல்லது துணி. பின்னால் சிறிய கனத்த அல்நிகோ காந்தம். இவை ஐம்பது, அறுபது ஆண்டு தாண்டியும் வேலை செய்யும். மற்ற இரண்டு வகைகளோடு ஒப்பிட்டால் இவற்றின் ஆயுள் வியப்பானது.

மூன்றாவதான ஜோடி ஸ்பீக்கர்தான் இந்தக் கட்டுரையின் மையம். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டு பினாங்கு, சிங்கப்பூர் போன ‘ரஜூலா’ கப்பலும் அதற்குப் பின் ‘எம்.வி. சிதம்பர’மும் ஆட்களை மட்டும் ஏற்றி இறக்கவில்லை. திரும்பி வந்த ஒவ்வொரு பெட்டியிலும் சபுராளி, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர், வீட்டுக்கான சாமான்கள் இருந்தன. டேப் ரெக்கார்டர், பிறகு டேப்பும் ரேடியோவும் இசைத்தட்டும் ஒன்றாய்ச் சேர்ந்த செட், அதோடு ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி. 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழி நின்றது. ஆனால் அதற்குள் வளைகுடா விமானங்கள் அதே வேலையை ஏற்றுக்கொண்டிருந்தன. ஷார்ப், நேஷனல், அகாய், பயனியர், சான்சூயி என்று நாகூர், அதிராம்பட்டினம், மாயவரம், மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் இன்றும் இருக்கும் ஜப்பான் ஜோடிகள் பெரும்பாலும் அப்படி வந்தவை. உள்நாட்டிலும் கல்கத்தாவின் சோனோடைன், பம்பாயின் காஸ்மிக் போன்றவை 1970களிலிருந்து ஜோடிகளைச் செய்து விற்றன.

ஜோடி ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு அந்தக் காலத் தமிழ்ப் பாட்டே பதில் சொன்னது. சிங்கப்பூரில் படமான ‘ப்ரியா’ (1978) தமிழில் ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடியாக இன்றும் பேசப்படுகிறது. வாத்தியங்கள் இடமும் வலமும் பிரிந்து, பாடகர் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வெறும் காற்றில் நிற்கும் அனுபவத்தைக் குழாயில் பெற முடியாது. அந்த நடுக் குரல் நிற்க வேண்டுமானால் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி அசைய வேண்டும். பழைய ஜோடியைச் சீரமைப்பதில் உள்ள கஷ்டம் முழுவதும் இந்த ஒரு நிபந்தனையில்தான் இருக்கிறது.

ஸ்பீக்கரின் உள்ளமைப்பு 1925இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் வகுத்ததிலிருந்து அடிப்படையில் மாறவில்லை. ஒரு காந்தம். அதன் நடுவே மயிரிழை அகல வட்ட இடைவெளி. அந்த இடைவெளிக்குள் காகிதக் குழலின் மேல் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி, அதாவது வாய்ஸ் காயில். காயிலோடு ஒட்டிய கூம்பு. கூம்பை நடுவில் நிறுத்தும் ஸ்பைடர் என்ற நெளிவுத் துணி. கூம்பின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் சரவுண்ட். பாட்டின் மின்னோட்டம் காயிலில் ஓடும்போது காயிலும் கூம்பும் முன்பின் ஆடும். அவ்வளவுதான். காயில் காந்தத்தைத் தொடாமல் ஆட வேண்டும். ஸ்பைடரும் சரவுண்டும் அதற்காகவே இருக்கின்றன.

இப்போது டெல்டாவின் ஈரம் இந்த அமைப்பில் எங்கெங்கே இறங்குகிறது என்று பார்த்தால் நோய்களின் வரிசை தானாகவே கிடைத்துவிடும்.

முதல் பலி சரவுண்ட். 1970களில் ஸ்பீக்கர் செய்பவர்கள் பலர் பாலியூரித்தேன் ஃபோமுக்கு மாறினார்கள். மெத்தென்று இருக்கும், எடை குறைவு, சின்னப் பெட்டியிலும் ஆழமான பேஸ் தரும். ஆனால் பாலியூரித்தேன் ஈரத்தைத் தாங்காது. காற்றிலுள்ள நீராவி அதன் வேதிப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாலும் இது நடக்கும். உலர்ந்த ஊர்களில் 20, 25 ஆண்டு வரை நிற்கும் ஃபோம் நம் பக்கம் அதற்கு முன்பே பிசுபிசுத்து, பிறகு விரல் பட்டாலே கரிப்பொடியாக உதிர்ந்துவிடும். பெட்டியின் முன்துணியை எடுத்ததும் கூம்பைச் சுற்றி ஒரு வட்டமாக ஒன்றுமே இல்லாமல் இருந்தால், பலர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ஏனென்றால் அந்த நிலையில் காயிலும் காந்தமும் கூம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போனது சில கிராம் எடையுள்ள ஒரு வளையம் மட்டும்தான்.

இரண்டாவது, காந்த இடைவெளியில் துரு. வெளியே தெரியாத, ஆனால் டெல்டா ஸ்பீக்கர்களை அதிகம் கொல்லும் நோய் இதுதான். கடற்கரை ஊர்களில் இன்னும் வேகம். இடைவெளியின் இரும்புச் சுவரில் துரு புடைத்து வரும்போது காயில் அதில் உரசும். உரசினால் கம்பியின் எனாமல் பூச்சு போகும், பிறகு ஷார்ட். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது ஓடு பறந்த வீடுகளில் நனைந்த மின்சாதனங்களுக்குக் கணக்கில்லை. அப்படி நனைந்த ஸ்பீக்கரை வேலை செய்கிறதா என்று பார்க்க உடனே ஆம்ப்ளிஃபையரில் சொருகுவது அதை முடித்துவைக்கும் வேலை. வாரக் கணக்கில் நிழலில் உலர்த்த வேண்டும். சூடு வேண்டாம், நேர் வெயில் வேண்டாம். காகிதக் கூம்பு வெயிலில் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டால் பிறகு அதை நேராக்க வழியில்லை.

மூன்றாவது, மரம். பெரும்பாலான ஜப்பான் பெட்டிகள் மரத்தூள் அட்டையில் செய்தவை. தரையில் நிற்கும் மூலைகள் ஈரத்தை உறிஞ்சி உப்பிப் பிரிந்துவிடும். கரையான் ஏறினால் வெளியே பளபளவென்று இருக்கும் பெட்டி உள்ளே சல்லடையாகிவிடும். குழாய் ஸ்பீக்கரில் குளவி. மடிந்து மடிந்து போகும் அதன் உள்வழியில் மண்கூடு கட்டிவிட்டால் சத்தம் மூக்கடைத்தாற்போல் வரும். ஒலியெழுப்பும் டிரைவர் கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள். மரை கழற்றிக் கூட்டைத் தட்டிவிட்டால் போதுமாயிருந்திருக்கும்.

நோயறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, இரண்டு விரல். எட்டு ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் ஐந்தரை முதல் ஏழு வரை காட்டினால் காயில் நலம். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. கூம்பிலிருந்து முனைக்கு வரும் பின்னல் கம்பி மட்டும் அறுந்திருந்தால் அதை ஈயம் வைத்து ஒட்டிவிடலாம். காயிலுக்குள்ளேயே அறுந்திருந்தால்தான் கவலை. விரல்களைக் கூம்பின் இரு பக்கமும் சமமாக வைத்து மெல்ல அழுத்தும்போது சரசரவென்று உரசல் கேட்டால் துருவோ தடம் மாறிய காயிலோ இருக்கிறது. பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையில் ஒரு நொடி தொட்டால் கூம்பு முன்னால் வர வேண்டும். ஜோடியில் ஒன்று முன்னும் மற்றது பின்னும் போனால் யாரோ முன்பு கம்பியை மாற்றி இணைத்திருக்கிறார்கள். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் மட்டும் தலைகீழ். அவற்றில் நேர்முனை பட்டால் கூம்பு உள்ளே போகும். அங்கேயும் இரண்டும் ஒரே பக்கம் போனால் சரி.

சரவுண்ட் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். பொறுமை தவிர வேறு தகுதி வேண்டாம். ஆனால் எட்டு அங்குலம் என்று கேட்டு வாங்கினால் பொருந்தாது. கூம்பின் விட்டம், சட்டத்தின் உள்விட்டம், நடுவில் புடைக்கும் உருளையின் அகலம் மூன்றையும் அளந்து வாங்க வேண்டும். பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுப்பதில்தான் பாதி நாள் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு பழைய பசையை இளக்கும். அசிட்டோன் வேண்டவே வேண்டாம். காயிலை ஒட்டிய பசையையும் சேர்த்துக் கரைத்துவிடும். புதிய வளையத்தை முதலில் கூம்போடு ஒட்டி உலரவிட்டு, அதன்பின் சட்டத்தோடு ஒட்ட வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தில் காயில் நடுவில் நிற்கிறதா என்பதில்தான் எல்லாமே.

அதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, சுமார் 30 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியை மிகக் குறைந்த அளவில் ஓட்டி, உரசல் இல்லாத இடத்தில் வளையத்தை அழுத்தி ஒட்டுவது. இன்னொன்று, நடுவிலுள்ள டஸ்ட் கேப்பைக் கத்தியால் அறுத்தெடுத்து, காயிலுக்கும் காந்தத் தூணுக்கும் நடுவே ஃபிலிம் துண்டுகளைச் சொருகி இறுக்கி நிறுத்துவது. கேப்பைத் தொடாமல் இருப்பதே மேல் என்பது வெளிநாட்டில் பலரது கட்சி. மூலப்பொருள் கெடாது, தோற்றமும் மாறாது. அங்கே அது சரி. இங்கே கேப்பைத் திறந்து பார்ப்பதே நல்லது. இடைவெளியில் துரு இருக்கிறதா என்பது வேறு எந்த வழியிலும் கண்ணுக்குத் தெரியாது. துருவோடு புதிய ஃபோம் போட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதே ஸ்பீக்கர் மறுபடி மேஜைக்கு வரும். திறந்ததும் ஒட்டும் டேப்பை மடித்து இடைவெளிக்குள் விட்டுச் சுற்றினால் துருத்தூளும் இரும்புத்துகளும் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். காந்தத்தையே கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று மட்டும் யாரும் நினைக்கக் கூடாது. அல்நிகோ காந்தம் தன் இரும்புச் சுற்றிலிருந்து பிரிந்த கணமே வலுவில் ஒரு பகுதியை இழந்துவிடும். திரும்பப் பூட்டினாலும் அது வராது.

ஃபோமுக்குப் பதில் ரப்பர் போடலாமா? சீரமைப்பவர்களிடையே ஓயாத சண்டை இது. ஃபோம் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ரப்பர் கனமானது. கூம்பின் அசையும் எடை கூடினால் ஒலித்திறன் சற்றுக் குறையும். ரப்பர் விறைப்பாகவும் இருந்தால் பேஸ் எங்கே தொடங்குகிறது என்பதும் இடம் மாறும். பெட்டியை வடிவமைத்தவர் ஃபோமை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனாலும் நாகப்பட்டினத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ இருக்கும் ஒருவர், மெல்லிய, நன்கு வளையும் ரப்பர் சரவுண்ட் கிடைத்தால் அதைப் போடுவதே சரி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூம்பைச் சுரண்டிக் கழுவினால் மூன்றாவது முறை சுரண்டக் கூம்பு இருக்காது. கூம்பைக் காப்பாற்றுவதற்காக விளிம்பில் விட்டுக்கொடுக்கலாம். ரேடியோ காலத்துத் துணி விளிம்புகள் விறைத்துப்போனதாகத் தெரிந்தால், சிலர் அவற்றில் கார் பிரேக் ஆயில் தடவுவதுண்டு. ஆரம்பத்தில் இளகும். பிறகு எண்ணெய் காகிதத்துக்குள் ஊறிக் கூம்பைத் தளர்த்தும். அந்த விளிம்புகள் பெரும்பாலும் எதுவும் செய்யாமலே இன்னொரு இருபது ஆண்டு ஓடக்கூடியவை.

காயில் எரிந்திருந்தால் கதை வேறு. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என்று ஊருக்கு ஊர் காயில் கட்டித் தருபவர்கள் இருந்தார்கள். இப்போது குறைந்துகொண்டே போகிறார்கள். மைக் செட் தொழில் அவர்களை வளர்த்தது. திருவிழா சீசனில் எரிந்த குழாய் டிரைவர்களும் பெரிய பெட்டி ஸ்பீக்கர்களும் வரிசை கட்டி வந்த காலத்தில், கம்பியின் தடிமனைக் கண்ணால் பார்த்தே எத்தனை சுற்று என்று சொல்லக்கூடிய கைகள் அவை. அவர்களிடம் வீட்டு ஜோடியைக் கொண்டுபோகும்போது ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய காயிலில் இருந்த அதே கம்பித் தடிமன், அதே அடுக்கு, அதே சுற்று உயரம். மைக் செட்டுக்குக் காயில் நிறைய வாட் தாங்க வேண்டும். அதனால் தடித்த கம்பி போடுவது அவர்களுக்குப் பழக்கம். வீட்டு ஜோடியில் அப்படிச் செய்தால் ஒரு பக்கம் மந்தமாகி, நடுக் குரல் மற்ற பக்கம் சாய்ந்துவிடும். இயன்றால் கெட்டுப்போன ஸ்பீக்கரோடு நல்ல ஸ்பீக்கரையும் எடுத்துப்போய் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லலாம்.

உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் எரிந்து கிடந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையர். சக்தி போதாத ஆம்ப்ளிஃபையரை முழு அளவு திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, உயர் அலைவரிசையில் தேவையற்ற சூடு ட்வீட்டருக்குப் போய்ச் சேரும். ட்வீட்டரை மாற்றும் முன் அந்த ஆம்ப்ளிஃபையரைச் சரிபார்க்காமல் விட்டால் புதிதும் எரியும்.

பெட்டிக்குள் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு சின்னக் கண்டென்சர் இருக்கும். பல ஜப்பான் செட்டுகளில் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் என்பதே அந்த ஒரு கண்டென்சர்தான். முனைபேதமில்லாத எலக்ட்ரோலிட்டிக் வகை. நாற்பது ஆண்டில் உள்ளே உலர்ந்து மதிப்பு மாறியிருக்கும். மாற்ற வேண்டும், அதில் சந்தேகமில்லை. மாற்றுவது எதைக் கொண்டு என்பதில்தான் கவனம் வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் சாதாரண முனையுள்ள எலக்ட்ரோலிட்டிக்கை ஒற்றையாக வைக்கக் கூடாது. இரண்டை எதிர்முனை எதிர்முனையாகச் சேர்த்தால் வேலை செய்யும். அப்போது ஒவ்வொன்றின் மதிப்பும் தேவையானதைப் போல இருமடங்கு இருக்க வேண்டும். பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் கண்டென்சர் நீண்ட ஆயுள் உடையது. நம் ஈரத்தில் அதுவே சிறந்தது. ஆனால் அதன் உள்தடை மிகக் குறைவு. அதனால் ட்வீட்டர் முன்னைவிடக் கூர்மையாகக் கேட்கும். அரை ஓம் முதல் ஒரு ஓம் வரை ஒரு சின்ன ரெசிஸ்டரைத் தொடராக வைத்தால் பழைய சமநிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கண்டென்சர் மாற்றியதும் திரை விலகியதுபோல் கேட்கிறது என்று மகிழ்பவர்கள் பலர் கேட்பது இந்தக் கூடுதல் கூர்மையைத்தான். அரை மணி நேரம் கேட்டால் காது களைக்கும்.

பெட்டி உளுத்துப்போனால் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்று ஆசாரியிடம் போவது இயல்பு. தஞ்சை மாவட்டத்தில் மரமும் ஒலியும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பலாமரத்தைக் குடைந்து செய்யும் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆச்சா மரத்தில் கடையும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் 2022இல் கிடைத்தது. அந்தப் பெருமையே இங்கே ஒரு தவறுக்கு இழுக்கிறது. வீணையின் குடம் தந்தியோடு சேர்ந்து பாட வேண்டும்; அதற்காகத்தான் பலாமரம். ஸ்பீக்கர் பெட்டி பாடக் கூடாது. கூம்பு மட்டும் பாடும்போது பெட்டி ஊமையாக நிற்க வேண்டும். பலாப் பலகையிலோ தேக்கிலோ அழகாகச் செய்த பெட்டி தன் சொந்தச் சுருதியைப் பாட்டோடு கலந்துவிடும். கனமான, நல்ல பசையுள்ள பிளைவுட், உள்ளே குறுக்குச் சட்டம், அதுவே சரியான வழி. உள் கொள்ளளவும் பழைய பெட்டிக்குச் சமமாக இருக்க வேண்டும். மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று ஒரு வில்லாக வேலை செய்கிறது. 1954இல் எட்கர் வில்ச்சர் தன் ஏஆர்-1 ஸ்பீக்கரில் உலகுக்குக் காட்டியது இதைத்தான். கொள்ளளவு மாறினால் அந்த வில்லின் விறைப்பு மாறும், பேஸும் மாறும். தேக்கு ஆசை இருப்பவர்கள் பிளைவுட்டின் வெளியே தேக்கு வெனீர் ஒட்டிக்கொள்ளலாம்.

இனி குழாய்க்கு வருவோம். குழாயைச் சீரமைப்பது எல்லாவற்றிலும் எளிது. டிரைவரின் மூடியைத் திறந்து, வளையத்தோடு சேர்ந்தே வரும் டயஃப்ரத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் வேலை முடிந்தது. சிக்கல் அதன்பின் தொடங்குகிறது: அதை எங்கே, எதற்கு ஒலிக்க வைப்பது?

ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் நல்ல குழாய் 107 டெசிபல் அளவில் ஒலிக்கும். அதே ஒரு வாட்டில் வீட்டுப் பெட்டி ஸ்பீக்கர் 87 டெசிபல் தரும். இருபது டெசிபல் வித்தியாசம். குழாய் ஒரு வாட்டில் செய்வதைச் செய்ய வீட்டுப் பெட்டிக்கு நூறு வாட் வேண்டும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஆறு டெசிபல் குறையும் என்று கணக்கிட்டால், திறந்த வெளியில் 64 மீட்டருக்கு அப்பால்கூடக் குழாயின் ஒரே வாட் 71 டெசிபலாகக் காதில் விழும். பேட்டரியில் ஓடிய ஏழைத் தொழிலுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பது இந்த எண்களில் தெரியும். அதற்குக் கொடுத்த விலை, சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய்க்குப் பேச்சே இல்லை. தவிலின் தொப்பி கேட்காது. வலந்தலையில் விழும் விரல் கூட்டின் அடி மட்டும் கேட்கும். நாகஸ்வரத்தின் வலு நடு அலைவரிசையில் இருப்பதால் அது மட்டும் குழாயில் முழுசாக நின்றது.

இந்த வரமே தொல்லையும் ஆனது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த இடங்களில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்தன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதிப்படுத்தியது. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். தமிழ்நாட்டில் கூம்பு வடிவக் குழாய்க்கு அனுமதி மறுத்துப் பெட்டி வடிவ ஸ்பீக்கருக்கு அனுமதி தரும் நடைமுறையும் வந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் காய்ச்சலில் படுத்திருக்கும் முதியவரும் உள்ள தெருவில் இது தேவையான சட்டம். பழைய குழாயின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் அதைத் தெருவுக்குத் திரும்பக் கொண்டுவரக் கேட்பதில் நியாயமில்லை.

ஆனால் குழாய் அழிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்குள், ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து, பழைய இசைத்தட்டைக் கேட்கலாம். மூடிய அறையில் அதற்கு மேல் கொடுப்பது செவிக்கே ஆபத்து. 100 டெசிபலில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை என்று தொழிலிட நலன் குறித்த அமெரிக்க வழிகாட்டல் கூறுகிறது. பாட்டுக்காகக் குழாயில் கேட்க வேண்டியதில்லை. அறுபது ஆண்டுக்கு முன் தஞ்சைக் கிராமம் ஒன்று ராஜரத்தினம் பிள்ளையை எந்தக் குரலில் கேட்டது என்பதை அறிய அந்த ஒரு வழிதான் இருக்கிறது. அலுமினியத்தின் எடைக்காக உருக்கப்படும் ஒவ்வொரு குழாயோடும் அந்த வழி குறுகுகிறது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து இருக்கிறது. ரேடியோ நெல்லின் கதை அங்கே சொல்லப்படும்போது அதைச் சொன்ன ஒரு பஞ்சாயத்து ரேடியோவும் வேலை செய்யும் நிலையில் பக்கத்தில் இருக்கலாம். பெரிய செலவில்லாத, செய்யத் தகுந்த காரியம்.

சீரமைத்த ஜோடி சரியாக வந்திருக்கிறதா என்று அறிய இந்த மண்ணிலேயே நல்ல சோதனை இருக்கிறது. ஒரு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவு. ஒருவர் மட்டும் பேசும் அறிவிப்பில் குரல் சரியாக நடுவில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து இணைப்பை வேண்டுமென்றே மாற்றினால் அந்த நடுக் குரல் கலைந்து, தவிலின் தொப்பி ஒலி மெலிய வேண்டும். மாற்றும்போது கனம் கூடினால் முன்பு இணைத்ததுதான் தவறு. வலந்தலை அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து விழுந்தால் ட்வீட்டரும் கண்டென்சரும் சரி. தொப்பி ஒரே மழுங்கலாக நீண்டால் பெட்டியில் எங்கோ காற்று கசிகிறது.

வேலை முடிந்தபின் ஜோடியைத் தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரப் பலகையில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். மழை மாதங்களில் வாரத்தில் இரண்டு நாளாவது அரை மணி நேரம் பாட விட்டால் காயிலின் லேசான சூடே இடைவெளியில் ஈரம் தங்க விடாது. முனைகளின் ஸ்பிரிங்கில் பச்சை பூத்தால் உடனே துடைக்க வேண்டும். பெட்டியின் உட்புறத்தில் ஒரு தாளில் எந்தத் தேதியில் எது மாற்றப்பட்டது, சரவுண்ட் எந்த அளவு, ஃபோமா ரப்பரா, கண்டென்சர் எத்தனை மைக்ரோ ஃபாரட், கம்பி எந்த முனைக்குப் போகிறது என்பதை எழுதி ஒட்ட வேண்டும். மாற்றி எடுத்த பழைய கண்டென்சரையும் அளவு தெரியும்படி ஒரு ஃபோம் துண்டையும் அதே பெட்டிக்குள் ஒரு உறையில் போட்டுவைப்பது நல்லது. அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் தன் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.